கோணமடைக்காரர்கள் விதிப்படி ஆடிய கோல்ஃப்

கோணமடையைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே, "உமக்கு அந்த ஊர்மேல பொறாமைவே" என்கிறார்கள். பொறாமைப்பட அங்கே என்னய்யா இருக்கிறது? நான் பக்கத்து ஊர்க்காரன். என் கூடப்பிறந்த தங்கச்சி ஆவுடையம்மாளை அங்கேதான் கட்டிக் கொடுத்தோம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கப்பா மரியாதையாக, "செருப்பை வெளியே விட்டுட்டு உள்ள வாங்க" என்றார். வந்த பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நடந்தே போய், ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுடுகிற தார் ரோட்டில் குதித்துக் குதித்துத் திரும்பி வந்தார்கள். எங்கப்பா அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். "நல்ல பணிவான சனங்க" என்று சொல்லி வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்.

மாப்பிள்ளை பாவம், தங்கமான மனுஷன். தவறிப்போய் ஆறு வருஷமாகிறது. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆவுடை பிழைப்பது ஒரு டீக்கடையை நம்பித்தான். அந்தக் கடை இருப்பது கோணமடை பொது கோல்ஃப் மைதானத்தில்.

ஆமாம், கோல்ஃப் மைதானம்தான். சிரிக்காதீர்கள். மலையடிவாரத்தில் தேயிலைக் கம்பெனி துரைமார் ஒரு காலத்தில் பந்தடித்த இடம். ஒன்பது குழி, ஒன்பது கொடி, நடுவில் ஒரு மணற்பள்ளம், ஓரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடம். துரைமார் போன பிறகு எஸ்டேட் குடும்பத்தார் ஓர் அறக்கட்டளை வைத்து, ஊர்ச்சனங்கள் ஆடிக்கொள்ளட்டும் என்று இடத்தைக் கோணமடைக்கு விட்டுக் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. வாசலில் நட்டிருக்கும் தகரப் பலகையில் எழுதியுள்ள விதிகளின்படி மைதானம் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி வேலி போட்டு ரப்பர் கன்று நட்டுவிடுவார்கள்.

ஒன்பது வருஷமாக அந்தப் பலகையை ஒருத்தரும் படிக்கவில்லை. காலையில் நடப்பார்கள், நெல் காயப்போடுவார்கள், சாயங்காலமானால் ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் புல்லில் உட்கார்ந்து ஆவுடை கடை டீயும் உளுந்த வடையுமாக ஊர்வம்பு பேசுவார்கள். பந்து மட்டும் யாரும் அடித்ததில்லை. மைதானம் நிம்மதியாக இருந்தது.

அப்புறம்தான் அறக்கட்டளையிலிருந்து அந்தக் கடிதாசி வந்தது. வரும் வியாழக்கிழமை எங்கள் அதிகாரி திரு. ஞானதுரை நேரில் வந்து பார்வையிடுவார், ஒரே ஒரு விதி மீறப்பட்டிருந்தாலும் மைதானம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்று அதில் கண்டிருந்தது.

சேதி கேட்டதும் ஆவுடை அடுப்பை அப்படியே போட்டுவிட்டு மைதானக் கமிட்டியைத் தேடி ஓடினாள். கமிட்டி என்பது நாலு பேர். தலைவர் குற்றாலிங்கம், நூறு கிலோ ஆள், நிதானமானவர். ஒரு முடிவுக்கு வர அவருக்கு ஒரு மணி நேரம் வேண்டும், அதுவும் தப்பான முடிவாக இருக்கும். செயலாளர் கொம்பையா, எழுதப் படிக்கத் தெரிந்தவர், அதனாலேயே ஆபத்தானவர். மற்ற இரண்டு பேர் ஐயம்பெருமாள், மாசானம். ஐயம்பெருமாள் எதற்கும் சந்தேகம் கேட்பவர். மாசானம் எதையும் கேட்காமல் செய்துவிடுபவர்.

"அண்ணாச்சி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்," என்றாள் ஆவுடை. "இந்தக் கடை போச்சுன்னா நானும் என் பிள்ளைகளும் நடுத்தெருவுலதான். பலகையில என்ன எழுதியிருக்கோ, ஒரு எழுத்துப் பிசகாம அப்படியே நடந்துக்கிடுங்க. உங்க சொந்தப் புத்தியை மட்டும் உபயோகிச்சுராதீங்க."

"அதை நாங்க எப்பவுமே உபயோகிச்சதில்லம்மா," என்றார் குற்றாலிங்கம் பெருமையாக.

பிற்பாடு என்னிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "நானேதாண்ணே சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்."

திங்கட்கிழமை காலை கொம்பையா பலகையை ஈரத்துணியால் துடைத்து, ஊர் கேட்க உரக்கப் படித்தார்.

"ஒண்ணாவது விதி. காலர் வைத்த சட்டை இல்லாமல் உள்ளே வரக்கூடாது."

"யாரு வரக்கூடாதுன்னு போட்டிருக்கா?" என்றார் ஐயம்பெருமாள்.

"போடல."

"அப்ப ஆடு?"

நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மைதானத்தில் பதினோரு வெள்ளாடுகள் வெறும் உடம்போடு மேய்ந்துகொண்டிருந்தன.

"விரட்டிவிட்டுருவோமா?" என்றார் மாசானம்.

"ஏழாவது விதி, புல் விரலளவுக்கு மேல் வளரக்கூடாதுன்னு இருக்கு," என்றார் கொம்பையா. "ஆடு இல்லைன்னா யாரு மேயுறது? நீரா?"

மாசானம் கொஞ்சம் யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்த்துக் குற்றாலிங்கம் அவசரமாகக் கையை உயர்த்தி, "ஆட்டுக்குச் சட்டை தச்சுருவோம்" என்று தீர்ப்புச் சொன்னார். தையல்காரர் ராத்திரி பகலாக உட்கார்ந்து பள்ளிக்கூடத்துப் பழைய சட்டைகளைப் பிரித்துப் பதினோரு ஆட்டுக்கும் காலர் வைத்துத் தைத்தார். செவ்வாய்க்கிழமை காலை ஆடுகள் நீலச் சட்டையில் வரிசையாக உள்ளே போனதைப் பார்த்து, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பழக்கதோஷத்தில் வருகைப் பதிவேட்டைத் தேடினார் என்று கேள்வி.

மத்தியானத்துக்குள் ஆடுகள் ஒன்றின் காலரை ஒன்று தின்றுவிட்டன.

"காலர் போன ஆடு வெளிய போகட்டும். அது சரி," என்றார் ஐயம்பெருமாள். "காலரைத் தின்ன ஆட்டுக்கு என்ன சொல்லுதீரு? அதுக்கிட்டதான் காலர் இருக்கே?"

"உள்ளதான இருக்கு?"

"உள்ள இருந்தா என்ன? நீரு வேட்டிக்குள்ள கால்சட்டை போட்டிருக்கீரு. அது உம்மகிட்ட இல்லையா?"

இதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். முடிவில் எது எதைத் தின்றது என்று யாருக்கும் தெரியாததால், ஆடுகளையே கேட்டுப் பார்த்துவிட்டு, அவை ஒன்றும் சொல்லாததால் எல்லாவற்றையும் உள்ளேயே விட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை ஒத்திகை. துரைமார் விட்டுப்போன துருப்பிடித்த மட்டைகளை எடுத்து நாலு பேரும் சுழற்றிப் பார்த்தார்கள். ஐயம்பெருமாள் சுழற்றிய வேகத்தில் பந்து அங்கேயே இருக்க, அவர் போய்ச் சரளைக்கல்லில் விழுந்தார். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து ரத்தம் வந்தது. ஓட்டுக் கட்டடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே வசதிகள் என்று இன்னொரு பலகை. ஓய்வறை, குடிநீர், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றுக்கும் தனித்தனி விதி.

"முதலுதவிப் பெட்டியைக் காயம்பட்டவர் மட்டுமே திறக்க வேண்டும்," என்று படித்தார் கொம்பையா. "திறயும்வே."

"எப்படிய்யா திறப்பேன்? கைதானய்யா காயம்!"

பெட்டியின் கொக்கி இறுகிப்போய் இருந்தது. ஐயம்பெருமாள் பல்லால் கடித்துப் பார்த்தார். முழங்கையால் இடித்துப் பார்த்தார். காலைத் தூக்கிப் பெருவிரலால் நெம்பப்போய் மல்லாந்து விழுந்தார்.

"நான் திறந்து விடுதேன்," என்று கையை நீட்டினார் மாசானம்.

"உமக்குக் காயம் இல்லையே," என்று தடுத்தார் குற்றாலிங்கம். "நாளைக்கு ஆபீசர் கேட்டா என்ன பதில் சொல்ல? ஆவுடை பிழைப்புல மண்ணைப் போடவா?"

மாசானம் நேராகத் தூணுக்குப் போய் நெற்றியால் ஓங்கி ஒரு முட்டு முட்டினார். திரும்பி வந்தார்.

கொம்பையா நெற்றியை உற்றுப் பார்த்தார். "இது வீக்கம். காயம் இல்லை."

மாசானம் மறுபடியும் போனார். இந்தத் தடவை ரத்தம் வந்தது. எல்லாரும் திருப்தியோடு வழிவிட, அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு ஆள் அளவுக்குக் கட்டுத்துணி இருந்தது. முதலில் காயம்பட்டவர் என்ற முறையில் அதை ஐயம்பெருமாளுக்குச் சுற்றினார்கள். மாசானம் நெற்றியில் ஆவுடைதான் காப்பித்தூளை வைத்து அப்பினாள். "பாவி மனுஷா," என்று திட்டிக்கொண்டே அப்பினாள். தனக்காக மண்டையை உடைத்துக்கொண்டானே என்று அவளுக்கு அழுகையும் வந்துவிட்டது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஞானதுரை ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பூட்ஸ், கையில் ஒரு கோப்பு. நல்ல மனுஷர்தான். நீலச்சட்டை ஆடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சரி, ஒரே ஒரு குழி ஆடிக் காட்டுங்க," என்றார். "எழுதிட்டுப் போயிருதேன்."

கொம்பையா தொண்டையைக் கனைத்தார். "குழியிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பவரே முதலில் அடிக்க வேண்டும். நம்மள்ல யாருவே தூரம்?"

நாலு பேரும் ஒரே இடத்தில் நின்றார்கள். குற்றாலிங்கம் ஓரடி பின்னால் போனார். ஐயம்பெருமாள் இரண்டடி பின்னால் போனார். அப்போது மாசானம், "எதுக்குவே வீண் சண்டை? என் மச்சினன் சங்கரபாண்டி சிங்கப்பூர்ல இருக்கான்லா? அவனைவிடத் தூரம் யாரு?" என்றார்.

போனைப் போட்டார்கள். சங்கரபாண்டி அங்கே ஒரு ஓட்டல் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவன் முகம் போனில் தெரிந்தது. அவனும் கோணமடைக்காரன்தானே, ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பெரிய கரண்டியை எடுத்து ஒரு வெங்காயத்தை ஓங்கி அடித்தான்.

"எங்கவே போச்சு?"

"பிரிட்ஜுக்கு அடியில மாமா."

"நல்ல அடி," என்று நாலு பேரும் கை தட்டினார்கள்.

ஞானதுரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ரொம்ப சரி. அடுத்தவர் அடிக்கலாம்."

"எப்படி சார் அடிக்க முடியும்?" என்றார் கொம்பையா பணிவாக. "இப்பவும் அவன்தான தூரத்துல இருக்கான்?"

ஞானதுரை கோப்பைத் தலைக்கு மேல் நிழலுக்குப் பிடித்துக்கொண்டார். சங்கரபாண்டி மறுபடி அடித்தான். பதினேழு வெங்காயம் அடித்தான். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஞானதுரை, "உள்ள போய்க் கொஞ்சம் உட்காருதேன்" என்று ஓய்வறைப் பக்கம் நடந்தார். குற்றாலிங்கம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மன்னிக்கணும் சார். ஓய்வறை ஆடி முடித்தவர்களுக்கு மட்டும்னு போட்டிருக்கு. நீங்க இன்னும் ஆடலையே?"

"ஒரு வாய் தண்ணியாவது குடுங்கய்யா!"

"குடிநீர் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் சார். நாங்களே இன்னும் குடிக்கல."

ஆவுடைக்குப் பதறிவிட்டது. ஒரு டம்ளர் மோரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஐயம்பெருமாள் கட்டுப்போட்ட இரண்டு கையையும் நீட்டி மறித்து, "சிற்றுண்டிச் சாலைப் பண்டங்களை வெளியே எடுத்து வரக்கூடாது. உன் கடை விதிம்மா, நீயே மீறலாமா?" என்றார். ஆவுடை அந்த மோரைத் தானே குடித்தாள். இல்லாவிட்டால் அதை அவர் தலையில் ஊற்றியிருப்பேன் என்று என்னிடம் சொன்னாள்.

பதினெட்டாவது வெங்காயத்தில் சங்கரபாண்டியின் மேலாளர் வந்துவிட்டார். போன் துண்டானது. "ஆட்டக்காரர் காயம் பட்டு வெளியேறிட்டாருன்னு எழுதிக்கிடுங்க சார்," என்றார் மாசானம். சத்தத்தை வைத்து அவர் அப்படி ஊகித்தார்.

பிறகு கொம்பையா அடித்தார். அவர் அடித்த பந்து, கடவுள் புண்ணியத்தில் எவர் மண்டையிலும் விழாமல், நேராகப் போய் மணற்பள்ளத்தில் விழுந்தது. கொம்பையா உள்ளே இறங்கி, அதை ஒரே அடியில் வெளியே தள்ளினார். ஞானதுரைகூட, "பரவாயில்லையே" என்றார். ஆவுடை கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

அப்போது கொம்பையா மணலில் நின்றபடியே பத்தாவது விதியைச் சொன்னார். "மணலில் இறங்குபவர் தம் காலடித் தடங்களைத் தாமே அழித்த பிறகே மணலை விட்டு வெளியேற வேண்டும். விளக்குமாறைப் போடும்வே."

விளக்குமாறைப் போட்டார்கள். கொம்பையா குனிந்து முன்னால் இருந்த தடத்தை அழித்தார். திரும்பிப் பார்த்தார். பின்னால் இரண்டு தடம் இருந்தது. அதை அழிக்கப் போனார். போன வழியில் நாலு தடம் விழுந்தது. அதை அழித்தார். முக்கால் மணி நேரம் அழித்தார்.

"குறையுதாவே?" என்று கேட்டார் குற்றாலிங்கம்.

"முதல்ல இறங்கும்போது ஆறுதான் இருந்துச்சு," என்றார் கொம்பையா வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "இப்ப நாப்பது இருக்கு."

"ஒத்தைக்கால்ல நில்லும். பாதியாகும்," என்றார் ஐயம்பெருமாள்.

ஒற்றைக்காலில் நொண்டியதில் தடம் ஆழமாக விழுந்ததே தவிரக் குறையவில்லை. கடைசியில் குற்றாலிங்கத்துக்கு வழி புலப்பட்டது. கொம்பையா அழித்துக்கொண்டே ஓரத்துக்கு வரவேண்டியது. வெளியில் இருந்து மூன்று பேரும் அவர் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிவிட வேண்டியது. தொங்கியபடியே அவர் கடைசி இரண்டு தடத்தையும் பெருக்கிவிட வேண்டியது. அப்படியே செய்தார்கள். வேட்டி முகத்தில் விழுந்து மூட, கொம்பையா தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மணலைப் பெருக்கி முடித்தார். ஊரே ஆரவாரம் செய்தது.

ஞானதுரையின் பொறுமை அங்கேதான் அறுந்தது. தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, மணி இரண்டாகிவிட்டது. "போதும்யா! எழுதவேண்டியதை நாளைக்கு எழுதி அனுப்புதேன்!" என்று கத்திவிட்டு, ஜீப்பு நின்ற பக்கம் குறுக்கே விழுந்து நடந்தார். குறுக்கு வழி மணற்பள்ளத்தின் நடுவே போனது. பூட்ஸ் காலோடு தொம் தொம்மென்று நடந்து ஏறி, ஜீப்பை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

கமிட்டி மணலைப் பார்த்தபடி நின்றது. நடுவே வரிசையாகப் பதினான்கு தடங்கள்.

"விதி மீறியாச்சு," என்றார் கொம்பையா.

"நாம அழிச்சுருவோம்," என்றார் மாசானம்.

"தாமேன்னு போட்டிருக்குவே. அவரு தடத்தை அவருதான் அழிக்கணும்."

"அது பூட்ஸ் தடம்லா? காலடின்னுதான போட்டிருக்கு?" என்று கேட்டார் ஐயம்பெருமாள்.

"பூட்ஸுக்குள்ள யாரு காலு இருந்துச்சு?"

ஆவுடை ஓடி வந்து, "விட்டுருங்க அண்ணாச்சி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், அவரு பாக்கலையே" என்று கெஞ்சினாள்.

குற்றாலிங்கம் அவளைப் பரிவோடு பார்த்தார். "அழாதம்மா. உன் கடை போக விடமாட்டோம். அவரு திரும்பி வரமாட்டாரு. தடத்தை அவருகிட்ட கொண்டு போயிருவோம்."

கொத்தனார் வீட்டில் பதினான்கு சாந்துச்சட்டி வாங்கி வந்தார்கள். மணலில் தண்ணீர் தெளித்து இறுக வைத்து, மண்வெட்டியால் ஒவ்வொரு தடமாக, ஓரம் உடையாமல், குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிச் சட்டியில் வைத்தார்கள். மூன்று மணி பஸ்ஸில் ஏற்றினார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னய்யா லக்கேஜ் இது?" என்றார்.

"லக்கேஜா? ஆபீசர்யா!" என்று குற்றாலிங்கம் கோபப்பட்டார். "மரியாதையா பேசும்."

இடது கால் ஏழும் இந்தப் பக்கம், வலது கால் ஏழும் அந்தப் பக்கம். சீட்டில் தடங்கள் உட்கார்ந்து போயின. அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது தாங்கள் உட்காருவது முறையில்லை என்று நாலு பேரும் நின்றுகொண்டே போனார்கள்.

ஞானதுரை வீடு மணல்மேடு நிறைந்த தேரிக்காட்டுப் பக்கம். கேட்டிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் செம்மணல் விரித்த பெரிய வாசல். நாலு பேரும் பதினான்கு சட்டியையும் கொண்டுபோய்ப் படியோரம் வரிசையாக அடுக்கினார்கள். கதவைத் திறந்த அவர் மனைவி பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்: "என்னங்க, உங்க காலு வந்திருக்கு."

ஞானதுரை லுங்கியோடு வெளியே வந்தார். கொம்பையா விஷயத்தை விளக்கினார். ஞானதுரை குந்தி உட்கார்ந்து, பதினான்கு தடத்தையும் கையாலேயே கலைத்தார். "அழிச்சாச்சு. போயிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், போயிருங்க," என்றார்.

நாலு பேரும் நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். கேட்டுவரை செம்மணலில் அவர்கள் தடம் பதிந்து கிடந்தது.

"மணலில் இறங்குபவர்," என்று மெல்ல ஆரம்பித்தார் கொம்பையா.

"எந்த மணல்னு போட்டிருக்கா?" என்றார் ஐயம்பெருமாள்.

"போடல."

"தலைகீழாத் தூக்க வெளிய மூணு பேர் வேணுமே. நாம நாலு பேரும் உள்ளல்லா நிக்கோம்?"

"ஒருத்தர் வெளிய போயித் தூக்கலாமே?" என்றார் மாசானம்.

"வெளிய போறதுக்குத்தானவே தூக்கணும்!"

குற்றாலிங்கம் ஞானதுரை பக்கம் திரும்பி, "சார், ஒரு விளக்குமாறு கிடைக்குமா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் கோணமடைக்குக் கடிதம் வந்தது. கமிட்டியில் யாரும் ஊரில் இல்லாததால் ஆவுடைதான் பிரித்தாள். அவசரத்தில் உறை இரண்டாகக் கிழிந்தது. "கோணமடை மைதானத்தில் விதிகள் முழுமையாகப் பின்பற்றப்படுகின்றன. இதற்கு மேல் பின்பற்ற மனிதரால் இயலாது. மைதானமும் கடையும் இனி நிரந்தரமாக உங்களுக்கே. பார்வையிட இனி யாரும் வரமாட்டோம். தயவுசெய்து பலசாலிகள் எட்டுப் பேரை உடனே அனுப்பி, என் வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கும் நால்வரையும் தூக்கிக்கொண்டு போகவும்."

"அண்ணே, கடை தப்பிச்சுட்டுண்ணே!" என்று எனக்குப் போன் போட்டு ஓவென்று அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கோணமடைக்காரர்களை இத்தனை வருஷம் திட்டியதற்காக முதல் தடவையாக வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் ஒரு நாள்தான் நின்றது.

எட்டுப் பேர் போனார்கள். சுவருக்கு வெளியே நின்று கையை நீட்டித் தூக்கியிருக்கலாம். ஆனால் மரியாதை தெரிந்த ஊராயிற்றே. ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டு, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆளைத் தூக்குவார்களா? கேட்டைத் திறந்து, மணலில் நடந்து, கதவைத் தட்டி, "சார், தூக்க வந்திருக்கோம்" என்றார்கள். பிறகு திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரைத் தூக்க மறுநாள் இருபத்துநாலு பேர் போனார்கள். அவர்களும் மரியாதைப்பட்டவர்கள்.

இங்கே மைதானம் நிரந்தரமாகக் கிடைத்துவிட்டது, புல் பச்சைப்பசேலென்று இருக்கிறது, டீ கொதிக்கிறது. குடிக்க ஓர் ஆம்பளை ஊரில் இல்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த ஆவுடை, அடுப்பையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போய் ஞானதுரை வீட்டுக்கு எதிரே, மணல் இல்லாத தார் ரோட்டு ஓரமாகப் பார்த்துக் கடையைப் போட்டுவிட்டாள். வியாபாரம் முன்னைவிட நன்றாக நடக்கிறதாம்.

ஞானதுரை இப்போது ஆபீசுக்குப் போக வாசல் வழியாக வருவதில்லை. வந்தால் ஆளுக்கொரு விளக்குமாறை நீட்டுகிறார்கள் என்று, பக்கச் சுவர் ஏறிக் குதிக்கிறார். நேற்று சுவர்மேல் உட்கார்ந்தபடியே ஆவுடையிடம் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டாராம்.

"ஏம்மா, உங்க ஊர்ல இன்னும் எத்தனை பேருதான் பாக்கி?"

ஆவுடை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாளாம்.

"பொம்பளைங்க மட்டும்தான் சார். அவங்களும் நாளைக்கு முதல் பஸ்ஸுக்குத் தூக்க வாராங்க."